காட்டு வான்கோழியை அழைக்கும் மரப்பெட்டி

வீட்டில் வான்கோழி வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இடி இடித்தாலும் சரி, சாலையில் போகும் லாரி ஹாரன் அடித்தாலும் சரி, வான்கோழிச் சேவல் உடனே கழுத்தை நீட்டிக் 'களகள'வென்று பதில் கொடுக்கும். பெட்டையின் குரல் கேட்டால் சொல்லவே வேண்டாம். தோகையை விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடும்.

இந்தப் பறவையின் தாயகம் வட அமெரிக்கா. இன்றும் அமெரிக்கக் காடுகளில் இது காட்டுப் பறவையாகவே திரிகிறது. அங்கே வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்கு அரசே உரிமம் வழங்குகிறது. வேட்டைக்காரர் பெட்டையைப் போல ஒலி எழுப்பிச் சேவலைத் தம் இடத்துக்கு வரவழைக்கிறார். அந்த ஒலியை எழுப்பும் கருவி ஒரு சிறு மரப்பெட்டி. அதைக் கையால் செய்து விற்பது அங்குள்ள விவசாயிகள், தச்சர்கள், ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் பலருக்குப் பனிக்கால வேலையாகவும் உபவருமானமாகவும் இருந்து வருகிறது. இந்தத் தொழில் பிழைத்த வரலாறு நம் விவசாயிகளும் அறிய வேண்டிய ஒன்று.

எலும்பிலிருந்து மரத்துக்கு

வான்கோழியை ஒலியால் ஏமாற்றும் கலை வெள்ளையர் கண்டுபிடித்ததன்று. அமெரிக்கப் பழங்குடியினர் வான்கோழியின் இறக்கை எலும்பையே குழலாக்கி, உதட்டில் வைத்துக் காற்றை உள்ளிழுத்துப் பெட்டையின் ஒலியை எழுப்பினர். பிற்காலத்தில் மரத்தைத் தேய்த்து ஒலி எழுப்பும் சிறு பெட்டிகள் வந்தன. ஆர்கன்சா மாநிலத்தின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் என்பவர், ஒரு முனையில் திருகாணியால் பொருத்திய மூடி இருபுறமும் அசைந்து பெட்டியின் விளிம்பில் உரசும் அமைப்புக்கு 1897-இல் காப்புரிமை பெற்றார். இன்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பைப் பின்பற்றியவையே.

ஒலி எப்படிப் பிறக்கிறது?

வயலின் வில்லை நரம்பின்மேல் இழுக்கும்போது வில் நரம்பைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடியில் பல நூறு முறை நடக்கும் இந்தப் பிடிப்பும் நழுவலுமே இசையாகிறது. மரப்பெட்டியிலும் இதே கதைதான். மூடியின் அடிப்பாகத்தில் சாக்குக்கட்டி பூசப்பட்டிருக்கும். அது பெட்டியின் மெல்லிய பக்கப் பலகையின் விளிம்பில் உரசும்போது பலகை அதிர்கிறது. உள்ளே இருக்கும் வெற்றிடம் அந்த அதிர்வைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது.

பெட்டையின் அழைப்பு ஒரே சுரமாக இராது. முதலில் உயர்ந்த, தெளிவான ஒலி. உடனே அது உடைந்து, தாழ்ந்த கரகரப்பான ஒலியாக முடியும். ஒரே இழுப்பில் இந்த இரண்டும் வர வேண்டும். வராவிட்டால் அது பெட்டியே அல்ல, வெறும் மரம் என்பார்கள்.

செய்முறை

பக்கப் பலகைக்குப் பாப்ளர், சிடார், பட்டர்நட் போன்ற இலேசான மரங்களும், மூடிக்கு வால்நட், செர்ரி போன்ற சற்றுக் கடினமான மரங்களும் பெரிதும் பயன்படுகின்றன. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் உள்ள மரத்தில் செய்த பெட்டி சில மாதங்களில் முறுக்கிக்கொண்டு ஒலி கெட்டுவிடும். இழை நேராக ஓட வேண்டும். கணு இருக்கக் கூடாது.

செய்வதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே கட்டையைக் குடைந்து பெட்டியாக்குவது. மற்றொன்று, அடிப்பலகை, முனைக்கட்டைகள், இரு பக்கப் பலகைகள் ஆகியவற்றைத் தனித்தனியே அறுத்துப் பசையால் ஒட்டுவது. எந்த வழியானாலும் பக்கப் பலகையை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கோ, அதற்கும் குறைவாகவோ இழைக்கிறார்கள். அதன் மேல்விளிம்பு நேராக இராமல் நடுவில் இலேசாக மேடு தட்டியிருக்கும். மூடியின் அடிப்பாகமும் தட்டையாக இராமல் வளைவாகச் செதுக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டு வளைவுகளும் சந்திக்கும் இடத்தில்தான் குரல் பிறக்கிறது.

திருகாணிக்கு அடியில் ஒரு சிறு சுருள்வில் உண்டு. அது மூடியைப் பிடித்து வைக்கும் இறுக்கமும் கணக்கில் சேரும். பெட்டியின் இரு பக்கங்களையும் வெவ்வேறு குரலுக்கு அமைப்பது வழக்கம். ஒரு பக்கம் வயதான பெட்டை போலவும் மறுபக்கம் இளம் பெட்டை போலவும் கூவும்.

அறுப்பதையும் ஒட்டுவதையும் இயந்திரமே செய்துவிடும். குரல் கூட்டுவதை மனிதன்தான் செய்ய வேண்டும். மூடியை ஒரு முறை இழுத்துக் கேட்க வேண்டும். விளிம்பில் ஓரிரு முறை உப்புத்தாள் போட வேண்டும். மறுபடி இழுத்துக் கேட்க வேண்டும். தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஓர் இழைப்பு கூடுதலானால் அதுவரை செய்த வேலை அடுப்புக்குத்தான் போகும். ஆகவே தேர்ந்தவர்கள் அவசரப்படுவதில்லை. வெளிப்புறத்துக்கு மட்டும் வார்னிஷ் பூசுகிறார்கள். உரசும் விளிம்பிலும் மூடியின் அடியிலும் எண்ணெயோ மெழுகோ ஒரு துளி பட்டாலும் பெட்டி ஊமையாகிவிடும். அதனால்தான் மெழுகு கலக்காத சாக்குக்கட்டியையே பூசச் சொல்கிறார்கள்.

வீட்டு மரத்தில் செய்யும் பெட்டி

கடையில் விற்கும் இயந்திரப் பெட்டி 20, 30 டாலருக்குக் கிடைக்கிறது. பெயர் பெற்ற கைவினைஞரின் பெட்டிக்கு அதைப்போல் பல மடங்கு விலை கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருக்கவும் ஆட்கள் உண்டு. தென் கரோலினாவின் கிரீன்வுட் ஊரில் வாழ்ந்த நீல் காஸ்ட் என்பவர் துடுப்புப் போன்ற நீண்ட மூடியுடன் செய்த பெட்டிகள் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன.

வாங்குபவர் கேட்கும் மரத்தில், கேட்கும் குரலில் செய்து கொடுப்பதே இந்த விலைக்குக் காரணம். சிலர் மரத்தைத் தாங்களே கொண்டு வருவார்கள். புயலில் விழுந்த தாத்தா காலத்து வால்நட் மரம், பிரித்துப் போட்ட பழைய களஞ்சியத்தின் பலகை, வேலிக்கு நட்டிருந்த சிடார் கம்பம் என்று எதுவானாலும் சரி. அதில் பெட்டி செய்து, அடியில் மரம் வந்த இடத்தையும் ஆண்டையும் சூட்டுக்கோலால் எழுதித் தருவார்கள். விறகாகப் போக வேண்டிய துண்டு குடும்பச் சொத்தாகிவிடுகிறது.

பழைய களஞ்சியப் பலகைகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு காலத்தில் கிழக்கு அமெரிக்கக் காடுகளில் நிறைந்திருந்த மரம் அது. வெளிநாட்டு நாற்றுகளுடன் வந்த ஒரு பூசண நோய் 1904-இல் நியூயார்க்கில் தென்பட்டது. அடுத்த 50 ஆண்டுகளில் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை அது அழித்தது. இன்று காட்டில் வேரிலிருந்து தளிர்த்து, சில ஆண்டுகளில் மறுபடி பட்டுப்போகும் கன்றுகளே பெரும்பாலும் மிஞ்சியுள்ளன. அந்த மரத்தின் பலகை வேண்டுமானால் பழைய கட்டடங்களில்தான் தேட வேண்டும்.

பறவையே இல்லாமல் போன காலம்

மரத்துக்கு வந்த கதி பறவைக்கும் வந்தது. குடியேறியவர்கள் காட்டை அழித்து வயலாக்கினர். சந்தைக்காக ஆண்டு முழுவதும், சேவல் பெட்டை பாராமல் சுட்டனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடைசிக் காட்டு வான்கோழி 1851-இல் கொல்லப்பட்டது. 1930-களில் நாடு முழுவதும் எஞ்சியவை சுமார் 2 லட்சம்தான் என்று கணக்கிடப்பட்டது. எவ்வளவு நல்ல பெட்டி செய்தாலும் பதில் சொல்லப் பறவை இல்லை என்ற நிலை பல மாநிலங்களில் வந்துவிட்டது.

துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குப் பெருக்கத்துக்கே செலவிட வேண்டும் என்று 1937-இல் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு 11 சதவீத வரி. வேட்டைக்காரர்களே இதற்கு ஆதரவாக நின்றனர். ஆனால் பணம் வந்தும் முதலில் தவறான வழியே பின்பற்றப்பட்டது. பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டார்கள். தீனி தேடவும், நரிக்கு ஒளியவும், இரவில் மரமேறவும் தாயிடம் பழகாத அவை நிலைக்கவில்லை.

வெற்றி தந்தது வேறு வழி. இரையிட்ட இடத்தில் சிறு பீரங்கிகளால் வலையைப் பாய்ச்சி, காட்டுப் பறவைகளையே உயிருடன் பிடித்து வேறு காட்டுக்கு மாற்றினர். தென் கரோலினாவில் 1951-இல் இம்முறை பலன் தந்தது. மாசசூசெட்ஸில் 1972, 1973 ஆண்டுகளில் விடப்பட்டவை வெறும் 37 பறவைகள். இன்று அம்மாநிலத்தில் 30,000-க்கு மேல் உள்ளன. அலாஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இப்போது காட்டு வான்கோழி உண்டு. 2000-களின் தொடக்கத்தில் மொத்த எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது. தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு 1973-இல் தொடங்கப்பட்டது. அதன் ஆண்டு மாநாட்டில் மரப்பெட்டி செய்பவர்களுக்கும் போட்டி நடைபெறுகிறது.

ஆபத்தும் உண்டு

வசந்த கால வேட்டையில் பெரும்பாலான மாநிலங்கள் தாடி போன்ற மார்முடி உள்ள பறவையை மட்டுமே சுட அனுமதிக்கின்றன. பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டு 28 நாள் அடைகாக்கும் காலம் அது. அடைக்கோழியைக் கெடுத்தால் அடுத்த ஆண்டு வேட்டை இல்லை என்பதை அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பெட்டி நன்றாகக் கூவினால் ஏமாறுவது சேவல் மட்டுமல்ல. மற்றொரு வேட்டைக்காரரும் பறவை என்று நம்பிச் சுட்டுவிடுவதுண்டு. ஆகவே தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். சேவலின் தலைநிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலத்தில் உடை அணியக் கூடாது. ஒலி வந்த திசையில் பதுங்கிச் செல்லக் கூடாது என்று விதிகள் வகுத்துள்ளனர்.

அண்மைக் காலத்தில் தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் பறவை மறுபடி குறையத் தொடங்கியுள்ளது. அங்கே வேட்டைப் பருவத்தைத் தள்ளி வைத்தும், ஒருவர் சுடும் எண்ணிக்கையைக் குறைத்தும் வருகிறார்கள். பெட்டி செய்பவர்களுக்கு இது வருமானத்தில் விழும் அடி. எனினும் பறவை இருந்தால்தான் பெட்டிக்கு வேலை என்பதை அவர்களின் முன்னோர் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைப் பிடிக்கும் வழக்கம் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அது குற்றம். எனவே இந்தப் பெட்டியைச் செய்து இங்கே வேட்டைக்குப் பயன்படுத்த வழியில்லை, பயன்படுத்தவும் கூடாது.

கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. தோட்டத்தில் விழுந்த மரத்தை எடைக்குப் போட்டால் விறகு விலைதான். காய வைத்து, இழை பார்த்து, பொறுமையாக ஒரு பொருளாக்கினால் கிடைப்பது கைத்திறனுக்கான விலை. அந்த விலையும் பறவையும் காடும் உள்ளவரைதான். வேலை இல்லாத நாட்களில் பட்டறையில் உட்கார்ந்து ஒரு மெல்லிய பலகையைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்பவருக்குக் கடைசித் தீர்ப்பு சொல்வது வாங்குபவர் அல்ல. விடியலுக்கு முன் மரக்கிளையில் அமர்ந்திருக்கும் சேவல்தான். அது பதில் கொடுத்தால் பெட்டி தேறியது.