திரும்பிப்போன மோட்டார் வண்டிகள்

விற்ற வண்டியை விற்றவரே விலைகொடுத்துத் திரும்ப வாங்குவது வணிக உலகில் எளிதில் நிகழ்வதன்று. ஜெர்மனியின் வொல்க்ஸ்வாகன் கம்பனிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே அந்த நிலை நேர்ந்தது. அதுவும் இலட்சக்கணக்கான வண்டிகளுக்கு!

டீசலில் ஓடும் அவ்வண்டிகள் காற்றுக்குக் கேடு செய்யாதவை என விளம்பரம் செய்யப்பெற்றன. அதனை நம்பியே பலர் வாங்கினர். 2013 ஆம் ஆண்டில் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், அளவு கருவிகளை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கலிபோர்ணியா வீதிகளில் ஓட்டிப் பார்த்தனர். பரிசோதனைக்கூடத்தில் நல்ல பிள்ளையாயிருந்த வண்டி, வீதிக்கு வந்ததும் வேறு குணம் காட்டிற்று. நைதரசன் ஒட்சைட்டுகள் சட்டம் விதித்த அளவினும் பன்மடங்கு வெளிவந்தன. நாற்பது மடங்குவரை என்று 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. ஈளை நோயுடைய சிறுவருக்கு இவ்வாயுக்கள் செய்யும் தீங்கு சிறிதன்று.

இம்மாயம் எங்ஙனம் நிகழ்ந்தது? சுக்கானின் நிலை, வேகம், ஓடிய நேரம், காற்றமுக்கம் என்பவற்றைக் கொண்டு, 'இப்பொழுது சோதனை நடைபெறுகிறது' என்று வண்டியிலிருந்த கணினி உணர்ந்துகொள்ளும். அவ்வேளையில் மட்டுமே புகையை முறையாகச் சுத்திகரிக்கும். விஞ்ஞானம் பயிலும் மாணவர், இத்துணை அறிவு இதற்கா செலவாயிற்று என வியக்கலாம்.

2016 ஒக்டோபர் 25 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நீதிபதி சார்ள்ஸ் பிறெயர் இணக்க உடன்படிக்கையை அங்கீகரித்தார். அது இரண்டு லீற்றர் இயந்திரம் பூட்டிய ஏறக்குறைய 4,75,000 வண்டிகளைப் பற்றியது. உடையவர் விரும்பின் வண்டியைக் கம்பனிக்கே கொடுத்துவிடலாம். அன்றேல், அரசாங்கம் ஏற்கும் திருத்தத்தைச் செய்வித்துத் தாமே வைத்துக்கொள்ளலாம். குட்டு வெளிப்படுமுன் இருந்த மதிப்பே விலைக்கு அடிப்படை. ஓடிய மைல்களுக்கேற்ப அது கூடும், குறையும். முன்னரே வாங்கியிருந்தோர்க்கு இதற்கு மேலும் குறைந்தது 5,100 டொலர் நட்டஈடு உண்டு.

வண்டி தன் இயந்திரத்தினாலேயே ஓடிவரவேண்டும் என்பது நிபந்தனை. இதைப் பிடித்துக்கொண்ட சிலர், கதவு, இருக்கை முதலியவற்றைக் கழற்றிவிட்டு, எலும்புக்கூடாக வண்டியைக் கையளிக்க முனைந்தனர்! உடன்படிக்கையின் கருத்து அதுவன்று என்று 2016 டிசெம்பரில் நீதிபதி கண்டித்தார். ஏமாற்றப்பட்டோரின் சினம் நமக்கு விளங்குகிறது. எனினும், ஒப்பந்தத்தின் சொல்லை வைத்துக்கொண்டு பொருளை ஏய்ப்பதுதானே கம்பனி செய்த வேலையும்?

2018 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 3,50,000 வண்டிகள் திரும்பி வந்திருந்தன. அவற்றை நிறுத்த இடம் வேண்டுமல்லவா? மிச்சிகனில் கைவிடப்பட்டிருந்த சில்வர்டோம் விளையாட்டரங்கின் வெளியிலும், கலிபோர்ணியாப் பாலைநிலத்து விமானநிலையம் ஒன்றிலும் அவை வரிசை வரிசையாக வெயில் காய்ந்தன. திருத்தம் பெற்றவை பின்னர் மீண்டும் விற்பனைக்கு வந்தன. வேறு பல பழைய இரும்பாயின.