அலுமினியப் பம்பருக்கு மெருகு

பிஎம்டபிள்யூ 2002 காரின் முகம் 1974-இல் மாறியது. அதுவரை உடலோடு ஒட்டியிருந்த மெல்லிய குரோம் பம்பர் போய், அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் முன்னும் பின்னும் துருத்தி நிற்கும் தடித்த அலுமினியப் பம்பர் வந்தது. அமெரிக்க அரசின் விதிதான் காரணம். மணிக்கு 5 மைல் (சுமார் 8 கி.மீ.) வேகத்தில் தடுப்பில் மோதினாலும் விளக்குகளும் எரிபொருள் அமைப்பும் கெடக்கூடாது என்றது அந்த விதி. அதனால் பம்பருக்குப் பின்னால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஹைட்ராலிக் தாங்கிகளையும் வைத்தார்கள்.

இன்று பலர் இந்தப் பம்பரைக் கழற்றிவிட்டு முந்தைய குரோம் பம்பரைத் தேடிப் பொருத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்துச் சட்டமும் பொறியியலும் அந்தக் காரில் கண்ணுக்குத் தெரிவது இந்தப் பம்பரில்தான். நன்றாகத் தீட்டினால் அழகுக்கும் குறைவிருக்காது. தன்மேல் விழும் ஒளியில் மெருகேறிய அலுமினியம் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். குரோம் அதில் முக்கால் பங்கைக்கூட எட்டாது. குரோமில் இலேசான நீலம் ஓடும், அலுமினியம் வெண்மையாகவே மின்னும்.

ஆனால் பெரும்பாலும் அந்த உலோகம் நேரடியாகக் கைக்குக் கிடைக்காது. இத்தகைய பம்பர்களை ஆலையிலேயே அனோடைசிங் செய்திருப்பார்கள். அமிலத்தில் மூழ்கவைத்து மின்சாரம் பாய்ச்சினால் மேற்பரப்பே அலுமினிய ஆக்சைடாக மாறிவிடும். காற்று பட்டுத் தானாக உருவாகும் படலம் சில நானோமீட்டர்தான். இதுவோ பல மைக்ரான். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பெரும்பாலும் அதே அலுமினிய ஆக்சைடுதான் என்றால், அதன் கடினத்தைப் புரிந்துகொள்ளலாம். எத்தனை மெருகுக் களிம்பு தேய்த்தாலும் பம்பர் மங்கலாகவே இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள், இந்தத் தோலைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோலை உரிக்க நீர்த்த காஸ்டிக் சோடா போதும். அது ஆக்சைடைக் கரைத்த கையோடு உலோகத்தையும் தின்னத் தொடங்கி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். ஆகவே திறந்த வெளி, கண்ணாடி, ரப்பர் கையுறை மூன்றும் வேண்டும். நுரைத்துக் குமிழி கிளம்பியதும் எடுத்துக் கழுவிவிட வேண்டும்.

தீட்டுவதற்கு முன்பே பம்பரைக் காரில் ஒருமுறை மாட்டிப் பார்ப்பது நல்லது. ஒடுக்கு எடுப்பது, துளையை இழுத்துச் சரிசெய்வது எல்லாம் அப்போதே முடிந்துவிட வேண்டும். மெருகேறிய பரப்பில் ஸ்பானர் ஒருமுறை நழுவினால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, இருபுறமும் மட்கார்டுக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேவையான இடத்தில் ஷிம் தகடு வைத்துச் சமப்படுத்த வேண்டும். தாங்கி துருவேறி இறுகியிருந்தால் அதைச் சூடாக்கவோ துளைக்கவோ கூடாது. உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கலாம்.

தீட்டும்போது 320, 600, 1000, 2000 என்று உப்புத்தாள் எண் ஏறும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் மிச்சமிருப்பது குறுக்காகத் தெரிந்துவிடும். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான்: 320-இன் கீறலை 2000 அழிக்காது, பளபளப்பாக்கிக் காட்டும். பிறகு துணிச்சக்கரத்தில் பஃபிங். எஃகுக்குப் பயன்படுத்திய சக்கரம் ஆகாது. அதிலுள்ள இரும்புத்துகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பின்னாளில் துருப்புள்ளியாக வெளிப்படும். பம்பரின் விளிம்பைச் சக்கரத்துக்கு எதிராகக் கொடுத்தால் பிடுங்கி எறிந்துவிடும்.

கடைசியாக மாட்டும்போது கவனம் போல்ட்டில் இருக்க வேண்டும். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு மின்கலமாகி, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். போல்ட் துருப்பிடிக்காது, உண்மைதான். அலுமினியத்துக்கு அதனால் பாதுகாப்பில்லை. இரண்டையும் பிரிக்க நைலான் வாஷரும் அரிப்புத் தடுக்கும் பசையும் வேண்டும்.

தோல் உரித்த பம்பருக்கு இனி வாக்ஸ்தான் காவல். அதைக் கார ஷாம்பூவோ சமையலறைக் கிளீனரோ கொண்டு கழுவினால், ஒரே கழுவலில் மெருகு கறுத்துப்போகும்.