உருட்டுந் தேரும் ஈர்க்குந் தேரும்

குழந்தைகளின் சிறுதேர் சங்கச் செய்யுள்கள் சிலவற்றிலே ஓடுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் ஒன்று, பட்டினப்பாலையில் ஒன்று, குறுந்தொகை 61ஆம் செய்யுளில் ஒன்று. முன்னிரண்டையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மூன்றாவதைப் பாடியவர் தும்பிசேர்கீரனார். உருத்திரங்கண்ணனார் ஈரிடத்தும் குழந்தைகள் தேரை உருட்டினர் என்றார். தும்பிசேர்கீரனாரோ, கையால் ஈர்த்தனர் என்றார்.

உருட்டுதல் என்பதற்கும் ஈர்த்தல் என்பதற்கும் வேற்றுமை என்ன? ஒன்றுமில்லை; செய்யுளோசைக்கேற்பச் சொல் வேறுபட்டது, அவ்வளவே. இவ்வாறுதான் யான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பால பண்டித வகுப்பிலே சொல்லி வந்தேன். சொன்னது பிழை. அதைப் பிழையென்று எனக்குக் காட்டியவர் உரையாசிரியர் எவருமல்லர்; எங்கள் ஊர் ஓடாவியார்.

சென்ற ஆண்டு தேர்த் திருவிழாவின்போது, பதின்மூன்று மாதம் நிரம்பிய என் பேரனுக்கு ஒரு மரக்குதிரை வாங்கினேன். கடை நிறையப் பிளாஸ்ரிக் பொம்மைகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு மரத்தாலானதைத் தெரிந்தெடுத்தேன். நம் முன்னோர் வழியைப் பின்பற்றிவிட்டோம் என்ற பெருமை எனக்கு. குதிரைக்குப் பளபளக்கும் சிவப்பு வர்ணம். கண்கள் இருக்குமிடத்தில் இரண்டு கறுப்பு மணிகள். கழுத்திலே ஒரு முழக் கயிறு. யான் பார்த்தது அதன் அழகை. குழந்தை எதைக் கொண்டு பார்க்கும் என்பதை யான் எண்ணவில்லை.

குழந்தை வாயினாற் பார்க்கும். மறுநாட் காலை யான் வகுப்புக்குப் புறப்படும் வேளையில், பேரன் ஒலியின்றி மூச்சுக்குத் திணறினான். முகம் கறுத்தது. என் மனைவி ஓடிவந்து அவனைத் தன் முன்கையிலே குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கப் பிடித்து, தோள்களுக்கு நடுவே நான்கைந்து முறை தட்டினாள். குதிரையின் கண் ஒன்று தரையில் வீழ்ந்து உருண்டது. அதன் பின்னரே பிள்ளை அழுதான். அந்த அழுகையைப் போல இனிய ஓசையை யான் கேட்டதில்லை. கையிலே குறுந்தொகைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒன்றுஞ் செய்யாது நின்றவன் யான்.

அன்று மாலையே ஓடாவியாரிடம் சென்றேன். "பேரனுக்கு ஒரு சிறுதேர் செய்து தரவேண்டும்" என்றேன். அவர் விலை பேசவில்லை; அளவு கேட்கவில்லை. "பண்டிதர் ஐயா, பிள்ளை நடக்குதோ, தவழுதோ?" என்று கேட்டார்.

"சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறான், இரண்டடி வைக்கிறான்."

"அப்ப கயிறு வேண்டாம். உருட்டுற தேர்தான் சரி. இழுக்கிற பிள்ளை தேர் வருகுதோ எண்டு பின்னுக்குத் திரும்பிப் பாக்கும். நடை பழகாத பிள்ளை திரும்பினால் விழும். ஆறு மாதம் போகட்டும். அதே தேருக்குக் கயிறு போட்டுத் தாறன். கயிறும் ஒரு சாணுக்கு மேலே வேண்டாம், கழுத்திலே சுத்தும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்து பெரும்பாணாற்றுப்படையை விரித்தேன். அங்கே தேரை உருட்டியவர் யாவர்? தளர்நடைப் புதல்வர். உருட்டிய இளைப்பு நீங்கச் செவிலியிடம் பாலுண்டு படுக்கையில் உறங்குபவர். பால்குடி மாறாத பருவம். குறுந்தொகையில் ஈர்ப்பவரைப் புலவர் இளையோர் என்கிறார். அவர்களுக்குத் தளர்நடையும் இல்லை, செவிலியும் இல்லை. முன்னே தள்ளுவது ஒரு பருவம். பின்னே இழுப்பது அதற்கடுத்த பருவம். இரண்டு வினைகளுக்கிடையே குழந்தையின் வளர்ச்சியில் சில மாதங்கள் கிடக்கின்றன. ஓடாவியார் கேட்ட முதற் கேள்வியை யான் ஒரு நாளாவது அந்தச் செய்யுள்களிடம் கேட்டிருந்தேனா?

பெரும்பாணாற்றுப்படை அந்தத் தேருக்கு வேறொரு சிறப்பும் கூறுகின்றது. தச்சருடைய பிள்ளைகளே விரும்பத்தக்கதாக அது செய்யப்பட்டதாம். இனிப்புக் கடைக்காரன் மகன் இனிப்பை விரும்புவது அரிது. நாள்தோறும் தேர் காணும் தச்சச் சிறுவரே விரும்புவதாயின் அது நல்ல தேராகத்தான் இருத்தல் வேண்டும். இதனை உயர்வு கூறும் அணியென்றே கருதியிருந்தேன். ஓடாவியாரோ, தேரைச் செய்து முடித்தபின், "இரண்டு நாள் என்ரை பேரன் உருட்டட்டும், அதுக்குப் பிறகு கொண்டு போங்கோ" என்றார். அது அணியன்று, சோதனை.

இனி, மரம் என்ற பெயரே காப்பாகுமா? ஆகாது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஏறக்குறைய 15 இலட்சம் மர இரயிற் பொம்மைகள் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டன. மரத்திற் குற்றமில்லை, மேலே பூசிய வர்ணத்தில் ஈயம் இருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பழமை என்ற பெயரும் காப்பாகாது. பழங்கால அரக்கு வேலையிலே செந்நிறத்துக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் சேர்த்ததுண்டு. முன்னது பாதரசம் உடையது. பின்னது பாடாணம் உடையது. ஆதலால் வர்ணப் பொம்மையை வாங்குவோர் அந்த வர்ணம் எதனாலானது என்று கேட்டறிதல் வேண்டும். விடை கிடையாதாயின் வர்ணமில்லாத பொம்மையே நன்று.

அரக்கு வேலை முழுவதையும் யான் விலக்கவில்லை. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள சன்னபட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைசற் பொறியிலே சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்திற் படியும். பின்பு தாழை மடலால் தேய்த்து மெருகூட்டுவர். அரக்கு ஒருவகைப் பூச்சி தருவது. அதனோடு மஞ்சள் முதலிய தாவரச் சாயத்தைச் சேர்த்துச் செய்பவர்களும் அங்கே உளர். அத்தகையது கிடைப்பின் கொள்ளலாம்.

ஓடாவியார் வர்ணத்தை நாடவேயில்லை. "வேம்பு போடலாமா?" என்றேன். "வாயிலே வைக்கிற பிள்ளைக்குக் கைக்கும்" என்றார். "பனை?" என்றேன். "வைரம்தான்; ஆனால் நார் சிராயாய்க் கிளம்பிக் கையிலே ஏறும்" என்றார். பூவரசைத் தெரிந்தெடுத்தார். ஆணி ஒன்றுமில்லை, அச்சும் மரம், அச்சின் முளையும் மரம். விளிம்புகளை உருட்சியாக்கி, தேன்மெழுகை எண்ணெயில் இளக்கிப் பூசினார். எந்த உறுப்பும் தனியே கழன்று வருமா என்று தம் முழுப் பலத்தோடும் இழுத்துப் பார்த்தார். மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க மேனாட்டார் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழல் ஒன்றை வைத்திருக்கின்றனர். அதனுள் முழுதும் அடங்கும் துண்டு எதுவும் பொம்மையில் இருத்தலாகாது, கழன்று வருதலும் ஆகாது. என் குதிரையின் கண்ணை அதிலே இட்டால் ஓசையின்றி உள்ளே போயிருக்கும்.

தேருக்குச் சக்கரம் மூன்று. பட்டினப்பாலைச் சிறுதேருக்கும் மூன்றுதான். மேடு பள்ளமான முற்றத்திலே நாற்காலி ஆடும். மூன்று கால் உடையது ஆடாது. அந்தப் பாட்டிலே, உலரும் உணவைத் தின்னவந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, சிறுதேரின் முன்வழியை மறித்துக் கிடக்கின்றது. பட்டினத்தின் செல்வத்தைக் காட்டவந்த இடம் அது. ஓடாவியாரிடம் இக்கதையைச் சொன்னேன். "சக்கரம் சின்னதாய் இருந்திருக்கும்" என்றார். எங்கள் தேருக்குச் சக்கரம் பெரிது.

இன்னொன்றும் உண்டு. மூன்று தேர்களில் எதிலும் குழந்தை ஏறிச் செல்லவில்லை. தும்பிசேர்கீரனார் இதனை வெளிப்படவே கூறினார்: ஏறி இன்புற இயலாவிடினும் கையால் ஈர்த்து இன்புறுகின்றனர் இளையோர் என்பது அவர் கருத்து. பொம்மை தெரிவோர்க்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை. வேலையைச் செய்வது குழந்தையா, பொம்மையா? விசையை அழுத்தினால் தானே ஓடித் தானே பாடும் பொம்மைக்கு முன்னே குழந்தை வெறும் பார்வையாளன். இருக்கையிலே குழந்தையை அமர்த்தி உருளவிடும் நடைவண்டிகளும் அவ்வாறே. அவை நடையை விரைந்து பயிற்றுவதில்லை. படிகளில் உருண்டு காயம் விளைத்ததனால் கனடா நாடு 2004ஆம் ஆண்டிலே அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. குழந்தை பின்னின்று தள்ளும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அங்கே நிற்பதும் நடப்பதும் குழந்தையே.

தேர் வீட்டுக்கு வந்தது. பேரன் முதலில் அதன் சக்கரத்தைக் கடித்தான், பின்பு உருட்டினான். வாசற்படியிலே தேர் முட்டி நின்றது. யான் எழுந்தேன். "நீங்கள் இருங்கோ" என்றாள் மனைவி. பிள்ளை சற்று நேரம் அதனைப் பார்த்தான். முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பினான். வந்தவழியே உருட்டிச் சென்றான்.

இப்பொழுது தேருக்கு ஒரு சாண் கயிறு கட்டியாயிற்று. ஒற்றைக் கண் குதிரை என் புத்தக அலுமாரியின் மேலே, அவன் கைக்கு எட்டாத தட்டிலே நிற்கின்றது. குறுந்தொகை நடத்தும் நாளில் அதனை வகுப்புக்கு எடுத்துச் சென்று, உருட்டுதல் வேறு, ஈர்த்தல் வேறு என்று மாணவர்க்குச் சொல்லுகின்றேன்.