சால்மன் மீனும் கழிமுக மீட்பும்

தகரப்பேணியில் அடைத்து விற்கப்படும் மீனைச் 'செமன்' என்று அழைப்பது நம் நாட்டார் வழக்கம். பேணியைத் திறந்து பார்ப்பின் உள்ளிருப்பது பெரும்பாலும் வேறோர் இன மீனேயாகும். பெயர் மட்டுமே ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது. அப்பெயருக்குரிய சால்மன் மீன் வட பசுபிக் கரையில் ஆற்றிற் பிறந்து, கடலில் வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து முட்டையிடும் பொருட்டுத் தான் பிறந்த ஆற்றிற்கே மீளும் இயல்பினது. அங்கு அது அருகிவிட்டது. அதனைக் காக்கும் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தார் தம் முன்னோர் கட்டிய மண்ணணைகளைத் தாமே உடைத்துக் கடல்நீரை உள்ளே விடுகின்றனர். உடைத்தல் ஒரு நாள் வேலை. அந்நாள் வரும்வரை செய்யவேண்டிய திட்டமிடலும் பணந்திரட்டலும் பத்தாண்டு, இருபதாண்டு வேலை. இப்பின்னதைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசும்.

ஆறு கடலொடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்றும் பொங்குமுகம் என்றும் வழங்குவர். நாடோறும் நிகழும் வற்றுப்பெருக்கினால் நன்னீரும் உவர்நீரும் அங்கே கலந்து, சேற்றுநிலமும் உவர்ப்புல் வளருஞ் சதுப்பும் அவற்றினூடே கிளைத்தோடுஞ் சிறு வாய்க்கால்களும் உண்டாகின்றன. சால்மன் இனங்களுட் பெரியதாகிய சினூக்கின் குஞ்சுகளுட் பல, விரல் நீளமும் வளராத பருவத்திலேயே ஆற்று வழியே இவ்விடத்தை அடைகின்றன. நன்னீரிற் பழகிய உடல் உப்புநீரைத் தாங்கும் ஆற்றலைப் படிப்படியாகவே பெறும். அதற்கு வாரக்கணக்கிலும், சிலவற்றிற்கு மாதக்கணக்கிலும் காலம் வேண்டும். அதுவரை பூச்சிகளையும் நுண்ணிய நீருயிர்களையும் உண்டு கொழுப்பதற்கும், பெருமீன்களின் கண்ணிற்படாது ஒளிவதற்கும் அவ்வாய்க்கால்களே புகலிடம். ஸ்காஜிற் என்னும் ஆற்றில் ஆராய்ந்தோர் கண்ட உண்மை ஒன்று இங்கு நோக்கத்தக்கது. குஞ்சுகள் மிகுந்து வரும் ஆண்டுகளில் எஞ்சியுள்ள சதுப்பில் எல்லாவற்றிற்கும் இடம் போதாமையால், பல சிறியனவாயிருக்கும்போதே வெளியே தள்ளப்படுகின்றன. மேலாற்றில் எத்துணை முட்டை பொரித்தாலும் கீழே இடமில்லையேற் பயன் குறைவென்பது இதனாற் பெறப்படும். எங்கே பணத்தைச் செலவிடுவது என்ற வினாவிற்கு இத்தகைய ஆராய்ச்சியே முதல் விடை தருகின்றது.

இடம் எவ்வாறு குறைந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிக் குடியேறியோர் கழிமுகங்களில் மண்ணணை கட்டி, கடல்நீர் புகாது உள்நீர் மட்டும் வடியுமாறு மடைக்கதவுகள் பொருத்தி, வயல் கண்டனர். ஸ்காஜிற் கழிமுகத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு இவ்வாறு மறைந்தது. நிஸ்குவாலி ஆற்றின் முகத்தில் 1904 ஆம் ஆண்டில் ஒரு பண்ணைக்காக நீண்ட அணை எழுந்தது. இவர்களை இன்று பழித்தல் எளிது. ஆனால் தரிசென்று எண்ணிய நிலத்தை விளைநிலமாக்குதல் அக்காலத்தில் அறமாகவே கருதப்பட்டது. அம்மண்ணும் விளைவிற் சிறந்ததாகவே இருந்தது.

ஆயின் அந்நிலத்தின் மேல் வேறொருவர்க்கும் உரிமை இருந்தது. 1854 ஆம் ஆண்டில் மெடிசின் கிறீக் என்னுமிடத்திற் செய்யப்பட்ட உடன்படிக்கையில், நிஸ்குவாலி முதலிய பழங்குடியினர் தம் நிலத்தின் பெரும்பகுதியை அரசாங்கத்திற்கு விட்டுக்கொடுத்தனர். வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வுரிமையைக் கையாண்டமைக்காக நிஸ்குவாலி குலத்தைச் சேர்ந்த பில்லி பிராங்க் என்பார் 1945 இல், தம் பதினான்காம் வயதில் முதன்முதலாகச் சிறைப்பிடிக்கப்பட்டார். பின்னர் ஐம்பது முறைக்கு மேற் பிடிக்கப்பட்டார். 1974 ஆம் ஆண்டில் நீதிபதி ஜோர்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனிற் பாதிவரை உடன்படிக்கைக் குலத்தார்க்கு உரியதெனத் தீர்ப்பளித்தார். மீனே இல்லையாயின் பாதி மீன் என்னும் உரிமைக்குப் பொருள் யாது? தீர்ப்பிற்குப் பின் குலத்தார் ஆராய்ச்சியாளரை அமர்த்தி, மீனின் வாழிடத்தைக் காக்கும் பணியிற் பங்காளராயினர். 1999 ஆம் ஆண்டில் பியூஜெற் சவுண்ட் என்னும் உட்கடலைச் சேர்ந்த சினூக் மீன், அழியும் நிலையை அணுகிய உயிரினமென்று சமஷ்டிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டது. அதன் மேல் மாநிலமும் வாளாவிருக்க இயலவில்லை.

மாநிலத்தார் கைக்கொண்ட முறை ஆராய்தற்குரியது. தலைநகரில் ஒரு திணைக்களம் எல்லா ஆறுகளுக்கும் திட்டம் வகுப்பதென்பது அவர்கள் வழியன்று. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆற்றுப்படுகைதோறும் ஓர் உள்ளூர் அமைப்பு ஏற்பட்டது. அதன்கண் அறிவியலாளர் குழு ஒன்றும் ஊரார் குழு ஒன்றும் உண்டு. முன்னது, ஒரு திட்டத்தால் மீனுக்கு நன்மை உண்டா, அது நிறைவேறத்தக்கதா என்று பார்க்கும். பின்னது, ஊர் அதனை ஏற்குமா என்பதையும் எண்ணித் திட்டங்களை வரிசைப்படுத்தும். அவ்வரிசை, 1999 இல் நிறுவப்பட்ட சால்மன் மீட்பு நிதிச்சபைக்குச் செல்லும். மாநில நிதியோடு, கொங்கிரஸ் 2000 ஆம் ஆண்டில் ஏற்படுத்திய பசுபிக் கரைச் சால்மன் நிதியும் அச்சபை வழியே பங்கிடப்படும். பெறுவோர் பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து பங்கேனும் வேறிடத்திலிருந்து கொண்டுவருதல் வேண்டும். நன்கொடையாகப் பெற்ற நிலமும், கூலி பெறாது செய்த உழைப்பும் அப்பங்கில் எண்ணப்படுவதுண்டு. ஊரார் வரிசைப்படுத்துவதால் அறிவியல் தாழ்ந்துவிடாதோ என்று ஐயுறுவார் உளர். ஐயம் வீணன்று. ஆயினும் அயலவன் இசையாத அணையை எந்த அறிவியலும் உடைத்துவிட முடியாது.

இவ்வயலவர் யாரென்பதை ஸ்காஜிற் பள்ளத்தாக்கிற் காணலாம். உருளைக்கிழங்கும், கோவா, பீற்றூட், கீரை ஆகியவற்றின் விதைகளும், ரியூலிப் மலர்களும் விளையும் வளநாடு அது. சதுப்பாக மாறும் ஒவ்வோர் ஏக்கரும் ஓர் உழவன் இழக்கும் ஏக்கர். விற்க இசைந்தவரிடமிருந்தே நிலம் வாங்குதல் வழக்கம். மதிப்பீட்டாளர் கணித்த விலைக்கு மேற் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பதும் பொதுவாக இயலாது. ஆகவே ஓர் உழவர் மனமிசைவதற்காகப் பல்லாண்டு காத்திருத்தலுமுண்டு. அங்கே 2008 ஆம் ஆண்டளவில் ஒரு நடுவழி வகுக்கப்பட்டது. பழுதுற்ற மடைக்கதவுகளைத் திருத்த உழவர்க்கு அனுமதி வேண்டும். மீனுக்குச் சதுப்பு வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளில் 2,700 ஏக்கர் கழிமுகத்தை மீட்பதென்றும், மீட்கும் அளவிற்கேற்ப மடைத் திருத்த அனுமதி அளிப்பதென்றும் உடன்பட்டனர். இது பகையை முற்றாக நீக்கிற்றெனக் கூறுதற்கில்லை. இரு திறத்தாரும் ஒரே கணக்கேட்டைப் பார்க்கும்படி செய்தது.

இனிப் பணம் எவ்வாறு சேர்கின்றதென்பதற்கு மேரிஸ்வில் நகரை அடுத்த குவலூல்ற் திட்டத்தை எடுத்துக்கொள்வாம். அப்பெயர் அந்நாட்டுப் பழங்குடி மொழியிற் சதுப்பு என்னும் பொருளது. துலேலிப் குலத்தார் முன்னின்று நடத்திய இத்திட்டத்திற்கு முதற்பணம் வந்த வழி வியப்புக்குரியது. அருகிருந்த கழிவு கொட்டும் நிலமொன்றினால் இயற்கைக்கு விளைந்த கேட்டிற்காகப் பெறப்பட்ட இழப்பீட்டுத் தொகையே அது. அதனைக் கைம்முதலாகக் கொண்டு, நிலம் வாங்க ஒரு மானியம், வரைபடத்திற்கு ஒன்று, கட்டுமானத்திற்கு வேறொன்று என மாநில, சமஷ்டி நிறுவனங்கள் பலவற்றிடம் திரட்டினர். ஒரு பெரும் செலவு மீனுக்கானதே அன்று. பழைய அணையைத் திறக்குமுன், நகரைக் காக்க உள்ளே தள்ளிப் புதிய அணை கட்டவேண்டும்; அதனை இராணுவப் பொறியியற் படையினர் கட்டினர். 2015 ஆம் ஆண்டு ஆகத்து 28 ஆம் நாள் பழைய அணை திறக்கப்பட்டு ஏறத்தாழ 350 ஏக்கர் நிலத்திற்குட் கடல்நீர் புகுந்தது. மொத்தச் செலவு 2 கோடி டொலர் அளவினது. காலம் ஏறக்குறைய இருபது ஆண்டு.

இருபது ஆண்டு எதற்காயிற்று என வினவலாம். சோம்பல் காரணமன்று. மானியம் தருவோர் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு கால எல்லை உண்டு. ஒருவர் பணம் இரண்டாண்டிற் செலவாதல் வேண்டுமென்பார். மற்றவர் முன்னவர் பணம் உறுதியான பின்னரே தாம் தருவேமென்பார். நீரிலும் சதுப்பிலும் வேலை செய்யச் சமஷ்டி அனுமதி, மாநில அனுமதி, ஊராட்சி அனுமதி ஆகியன வேண்டும். பழங்குடியினரின் தொல்பொருள் புதைந்துள்ளதோவென்றும் ஆராய வேண்டும். இவையெல்லாம் கைகூடிய பின்னும், குஞ்சுகளுக்குத் தீங்கு நேராவண்ணம் கோடையிற் சில வாரங்களே நீரில் வேலை செய்யலாம். ஓர் அனுமதி ஒரு மாதம் பிந்தினால் வேலை ஓர் ஆண்டு பிந்தும். அதற்குட் கூலியும் விலையும் ஏறிவிடும். அறிந்த திட்டக்காரர் முதலிற் பெருந்தொகை கேளார். நிலத்தின் மட்டமும் நீரோட்டமும் அளந்து, செய்தற்கியலுமா என்று காணச் சிறுதொகை கேட்பர்; பின்னர் வரைபடத்திற்கு; அதன் பின்னரே கட்டுதற்கு. முதற்சிறுதொகை கிடைப்பதே அரிது. அதனாற் காட்டத்தக்கது யாதும் எழுவதில்லையன்றோ?

காட்டத்தக்கதல்லாத மற்றொரு செலவு வேலை முடிந்த பின் வருவது. மண்டபம் கட்டுதற்கு நிதி கிடைக்கும், கூரை ஒழுகும்போது கிடையாதென்பதை எந்தப் பாடசாலையாரும் அறிவர். கழிமுகத்திலும் அவ்வாறே. கட்டுமான நிதியிற் கண்காணிப்பிற்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறிது. ஆனால் அணை நீங்கிய பின் நிகழ்வதை அளவாதார் அடுத்த திட்டத்தைக் குருட்டுத்தனமாகவே வகுப்பர்.

இதற்கு நிஸ்குவாலி நல்ல சான்று. அங்கே குலத்தார் தம் நிலத்தில் 1996 இல் சிறிய அளவிற் சோதனை செய்து, படிப்படியாக 140 ஏக்கரளவு மீட்டனர். சமஷ்டி வனவிலங்குப் புகலிடத்தின் நீண்டகாலத் திட்டம் 2004 இல் நிறைவெய்தியது; 2009 இல் பண்ணை அணை நீங்கி 762 ஏக்கர் கடலுக்குத் திரும்பியது. அணையின் மேல் நடந்து பறவைகளைக் கண்டு மகிழ்ந்தோர்க்கு ஐந்தரை மைற் சுற்றுப்பாதை இல்லாமற்போயிற்று. அவர்தம் குறையும் கேட்கப்பட்டு, நன்னீர்க் குளங்களில் ஒரு பகுதி காக்கப்பட்டது, சதுப்பின் மேலே மரப்பாலப் பாதையும் அமைந்தது. 21 மைலுக்கு மேற்பட்ட பழைய வாய்க்கால்களில் மீண்டும் நீர் ஏறி இறங்கிற்று. சினூக் குஞ்சுகள் அவற்றிற் புகுந்து இரைதேடுதல் காணப்பட்டது.

அளந்தோர் வேறொன்றுங் கண்டனர். நூறாண்டு அணைக்குட் கிடந்த நிலம், புதுவண்டல் பெறாமலும் மக்கிய பொருள் கரைந்தும் தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த நிலத்தில் நீர் ஆழமாக நிற்பதால் உவர்ப்புல் எளிதில் வேரூன்றாது; நிலம் உயரப் புதிய வண்டல் வேண்டும். அதனைக் கொணரவேண்டிய ஆற்றின் மேற்பகுதியிலோ 1945 இல் முடிந்த ஆல்டர் அணை நின்று, வண்டலின் பெரும்பகுதியைத் தன் ஏரியிலேயே தேக்கிக்கொள்கின்றது. ஆகவே அங்கே பல இடங்கள் இன்னும் சேற்றுவெளியாகவே உள்ளன. கடல்மட்டமோ உயர்ந்து வருகின்றது. பில்லி பிராங்க் 2014 ஆம் ஆண்டிற் காலமானார்; அப்புகலிடத்திற்கு 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர் பெயர் இடப்பட்டது. புகலிடத்தின் தெற்கே, கழிமுகத்தை ஊடறுத்து மண்மேட்டின் மேற் செல்லும் பெருந்தெருவை நீண்ட பாலங்களின் மேல் உயர்த்தி ஆற்றிற்கு இடம்விடுதல் பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன. அதற்கு வேண்டிய பணம் மீன் நிதி ஒன்றிலிருந்து மட்டும் வரத்தக்கதன்று. தெருவிற்கான நிதியும் வெள்ளத் தடுப்பு நிதியும் அதனோடு வந்து சேரவேண்டும்.