வாடகைக் கட்டிலில் கனவு

கனவு தனிமனிதரின் அந்தரங்கம், அதில் பிறர் கைவைக்க முடியாது என்றே நாம் பொதுவாக நம்பி வந்திருக்கிறோம். அந்த அந்தரங்கத்தையே மூலப்பொருளாகக் கொண்டு, ஹொட்டேல் அறையைக் காட்சிக்கூடத்துக்குள் அமைக்கும் கலைமுயற்சிகள் கடந்த சில பத்தாண்டுகளில் மேற்குலகில் தோன்றியுள்ளன. இன்ஸ்ரலேஷன் எனப்படும் தாபனக் கலையின் ஒரு கிளை இது. இங்கு பார்வையாளர் சுவரில் தொங்கும் ஓவியத்தின் முன் நிற்பதில்லை. அறைக்குள் நுழைந்து படுத்து உறங்குகிறார். அவரது உறக்கத்தோடுதான் படைப்பு நிறைவுறுகிறது.

இத்துறையில் முக்கியமானவர் கார்ஸ்ரன் ஹோலர். 1961இல் பிரசல்சில் ஜேர்மனியப் பெற்றோருக்குப் பிறந்த இவர், விவசாய விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று ஆய்வாளராக இருந்து, பின்னர் கலைக்கு வந்தவர். 2008இல் நியூயோர்க் குகென்ஹைம் அருங்காட்சியகத்தில் இவர் வைத்த ‘சுழலும் ஹொட்டேல் அறை’யில் கட்டிலும் தளபாடங்களும் கண்ணாடித் தட்டுகளின்மேல் மெல்லச் சுழன்றன. பணம் செலுத்தியோர் அதில் இரவு தங்கினர். 2015இல் லண்டன் ஹேவர்ட் கலைக்கூடத்தில் இரண்டு கட்டில்கள் தாமாகவே மண்டபத்துள் ஊர்ந்து திரிந்தன. ஓரிரவுக் கட்டணம் 300 பவுண். கனவின் போக்கை மாற்றவென ஒரு பற்பசையும் வழங்கப்பட்டது.

2024 கோடையில் சுவிஸ் பாசலுக்கு அருகேயுள்ள பெயலர் அருங்காட்சியகத்தில் ‘கனவு ஹொட்டேல் அறை 1’ காட்சிக்கு வந்தது. செந்நிறக் குடையில் வெண்புள்ளிகள் கொண்ட நச்சுக்காளானின் உருவம் மேலே சுழல, கீழே அசையும் கட்டிலில் வருகையாளர் படுத்துறங்கலாம். பறப்பதுபோன்ற கனவை வரவழைப்பதே நோக்கம். இதில் ஹோலருடன் இணைந்து பணியாற்றியவர் அமெரிக்க விஞ்ஞானி அடம் ஹார் ஹொரோவிற்ஸ்.

கனவை இவ்வாறு வரவழைப்பது எங்ஙனம்? பண்டைக் கிரேக்கத்தில் நோயாளிகள் அஸ்கிளேப்பியஸ் என்னும் மருத்துவக் கடவுளின் ஆலயத்தில் படுத்து, குணந்தரும் கனவுக்காகக் காத்திருந்தனர். ஹொரோவிற்ஸும் சகாக்களும் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருவி கையில் அணியப்படுவது. தசை தளர்வதையும் இதயத்துடிப்பையும் கொண்டு, விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட கட்டத்தை அது கண்டறிகிறது. அத்தருணத்தில் ‘மரம்’ போன்ற ஒரு சொல்லை ஒலிபரப்புகிறது. சில நிமிடங்களின்பின் உறங்குபவரை அரைகுறையாக எழுப்பி, மனதில் என்ன ஓடியது என்று கேட்டுப் பதிவுசெய்கிறது. 2020இல் வெளியான ஆய்வில் பலரது கனவுகளில் மரம் வந்திருந்தது.

கலைஞர் பிடித்த இடத்தில் வியாபாரி காலூன்ற அதிக காலம் எடுக்கவில்லை. 2021 பெப்ரவரியில், அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப்போட்டியை ஒட்டி, கூர்ஸ் பியர் நிறுவனம் மக்களின் கனவில் தன் பொருளைப் புகுத்தும் விளம்பரமொன்றைச் செய்தது. அவ்வருட யூன் மாதத்தில் சுமார் 40 உறக்க ஆய்வாளர்கள் கனவு விளம்பரத்தைக் கட்டுப்படுத்தக் கோரிப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். அதை எழுதியோரில் ஹொரோவிற்ஸும் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் விளம்பரம் மட்டுமே பிரச்சினையல்ல. இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றுண்டு. அறியாத அறையில் மனிதரால் நிம்மதியாக உறங்க முடியுமா? அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு இதற்கு ஓரளவு விடை தருகிறது. புதிய இடத்தில் முதலிரவு மூளையின் இரு பாதிகளும் சமமாக உறங்குவதில்லை. இடது பாதி ஆழ்ந்துறங்காமல் காவலிருக்கிறது. வழமையற்ற சத்தத்துக்கு அது விரைவாக விழித்துக்கொள்கிறது. டொல்பின்களும் சில பறவைகளும் பாதி மூளையால் உறங்குவதை இது நினைவூட்டுகிறது. அதே இடத்தில் மறுமுறை படுக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இடம் ஆபத்தற்றது என உடல் ஏற்றுக்கொண்டுவிட்டது என இதை விளங்கிக்கொள்ளலாம்.

ஹோலரின் விருந்தாளி விலைகொடுத்து வாங்குவது இந்த முதலிரவைத்தான் என்று நான் கருதுகிறேன். காலையில் திரும்பிச் செல்ல வீடுள்ளவருக்கு அந்நியம் ஓர் அனுபவம். பிரித்தானியாவில் 2020இன் பின் புகலிடம் கோரியோர் பல்லாயிரக்கணக்கில் ஹொட்டேல் அறைகளில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களும் ஹொட்டேல் கட்டிலில்தான் கனவு கண்டனர். ஆனால் எந்நேரமும் வேறிடத்துக்கு மாற்றப்படலாம் என்ற நிலையில் உடல் எப்போது காவலைக் கைவிடும்? இரவுவேலை முடித்து, ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டிவிட்டுப் பகலில் படுக்கும் என்போன்ற தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் உறக்கத்தை நிர்ணயிப்பது வேலை அட்டவணையே.

ஹொட்டேல் அறையை மறுபக்கத்திலிருந்து பார்த்த படைப்பும் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி கால் 1981இல் வெனிஸ் ஹொட்டேலொன்றில் மூன்று வாரம் அறைப் பணிப்பெண்ணாக வேலைசெய்தார். தன் பொறுப்பிலிருந்த 12 அறைகளில், கலைந்த கட்டில்களையும் விருந்தாளிகளின் உடைமைகளையும் படமெடுத்தார். நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் இரகசியமாக வாசித்தார். இது அத்துமீறல் என்ற கண்டனம் நியாயமானதே. எனினும் கட்டிலை விரிப்பவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் கண் இருக்கிறது என்பதை அப்படைப்பு மறைக்கவில்லை. பாரிசிலும் சூரிச்சிலும் கட்டில் விரித்தும் கோப்பை கழுவியும் பிழைத்த எம்மவர் இதை உடனே விளங்கிக்கொள்வர். ஆனால் மூன்று வாரம் முடிய கால் கலைஞராகத் திரும்பிவிட்டார். அந்த வசதி எம்மவருக்குக் கிடைத்ததில்லை.

இவற்றைப் பணக்காரரின் விளையாட்டு என்று ஒதுக்குவது சுலபம். நான் அவ்வாறு ஒதுக்கமாட்டேன். ஒரு மனிதர் கண்மூடிக் கனவு காண்பதற்கு எத்தனை பேரின் உழைப்பும் எவ்வளவு பாதுகாப்பும் தேவை என்பதை, ஒருவேளை தம்மையறியாமலே, இப்படைப்புகள் காட்டுகின்றன. கனவை உண்டாக்கும் கருவி பற்றிப் பேசும் விமர்சகர்கள், அந்தப் பாதுகாப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பேசவேண்டும். பூட்டின் சாவி தன் கையில் இல்லாத ஒருவருக்கு எந்தக் கலைஞரும் பறக்கும் கனவைக் கொடுத்துவிட முடியாது.