திரை காத்திருக்காது

"படத்தோட மியூசிக்தான் ஏற்கெனவே பதிவாகி இருக்கே, அப்புறம் எதுக்கு அத்தனை பேரை மேடையில உட்கார வச்சு வாசிக்கச் சொல்றாங்க?" திரையில் படம் ஓட, மேடையில் இசைக்குழு நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சியைப் பற்றி டீக்கடை பெஞ்சில் நண்பர் கேட்டார். கிளாஸ் காலியாவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே சொல்கிறேன்.

ஊமைப்படம் என்று நாம் சொல்வது அரங்கில் ஊமையாக ஓடவில்லை. சின்ன தியேட்டரில் ஒரு பியானோ, பெரிய தியேட்டரில் முழு இசைக்குழு. பெரும்பாலும் கைக்கு வந்ததை வாசிப்பார்கள். பெரிய படங்களுக்கு மட்டும் தனியாக இசை எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்ட ஒன்று, வெட்டுப்பட்டுச் சிதைந்த படத்தையே மீட்க உதவியது.

இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது. இசை எழுதியவர் காட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸ். இரண்டரை மணி நேரப் படம். வசூல் இல்லை. வெட்டினார்கள், மறுபடி வெட்டினார்கள். ஏறக்குறைய கால்வாசிப் படம் காணாமலே போயிற்று. 2008-ல் புவெனஸ் அயர்ஸ் சினிமா அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதி ஒன்று கிடைத்தது. படம் முழுக்க மழை பெய்வதுபோல் கோடுகள். எந்தத் துண்டு எங்கே வரும், எவ்வளவு நேரம் ஓடும் என்று உறுதி செய்ய ஹுப்பர்ட்ஸின் இசைக்குறிப்புதான் துணைக்கு வந்தது. 'இந்த இடத்தில் இன்ன காட்சி' என்று ஸ்வரங்களுக்கு மேலே ஆயிரத்துக்கும் அதிகமான குறிப்புகள் அதில் இருந்தன. வாசிப்பவர்களுக்காக எழுதிய குறிப்பு, 80 வருஷம் கழித்து எடிட்டருக்கு வழிகாட்டியது!

2010 பிப்ரவரி 12 அன்று பெர்லினில் அந்தப் படத்தை நேரடி இசையோடு திரையிட்டார்கள். ஃபிராங்க் ஸ்ட்ரோபல் நடத்த, பெர்லின் வானொலி சிம்பொனி இசைக்குழு வாசித்தது. பிராண்டன்பர்க் வாயிலில் கட்டிய திரையின் முன்னால் கடுங்குளிரில் நின்றும் ஜனங்கள் பார்த்தார்கள். இந்தப் பதிப்பில், மீட்ட காட்சிகள் வரும்போது திரை சட்டென்று கீறலாகிவிடும். இசையில் மட்டும் கீறல் கிடையாது. கண் தடுமாறும் இடத்தில் காது கைப்பிடித்து அழைத்துப் போகும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நம் கச்சேரியில் பாடகர் நிரவலை இன்னொரு சுற்று நீட்டினால் மிருதங்கமும் கூடவே போகும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. படம் யாருக்காகவும் நிற்காது. பேசும் படமென்றால் வசனமும் ஒலிகளும் அப்படியே இருக்க, இசைத் தடத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள். விநாடிக்கு 24 ஃபிரேம். குத்து விழும் இடத்தில் இசை அரை விநாடி பிந்தினால் 12 ஃபிரேம் போய்விடும். பதற வேண்டிய சபை சிரித்துவிடும்.

அதற்காகத்தான் இசைக்குழு நடத்துநர் முன்னால் சின்ன மானிட்டர். முக்கியமான இடம் வருவதற்குச் சில விநாடி முன்னால் அதில் ஒரு செங்குத்துக் கோடு இடமிருந்து வலமாக நகரும். அது ஓரத்தைத் தொட்டதும் வெள்ளை வட்டம் பளிச்சென்று மின்னும். அந்த நொடியில் தட்டு விழவேண்டும். சிலர் காதில் 'டிக் டிக்' என்று கிளிக்கும் வைத்துக்கொள்வார்கள். கிளிக்கை மட்டும் நம்பினால் காலம் பிசகாது, ஆனால் வாசிப்பு விறைத்துவிடும். இரண்டு குறிகளுக்கு நடுவே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, அடுத்த குறிக்குச் சரியாக வந்து சேர்பவரே கெட்டிக்காரர். ரெக்கார்டிங்கில் தப்பினால் இன்னொரு டேக் உண்டு. மேடையில் இல்லை.

உங்களுக்கு வாய்ப்பு வந்தால், வாசிப்பவர்கள் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். திரையில் எல்லாம் அமைதியாக இருக்கும். பின்வரிசையில் ஒருவர் இரண்டு கைகளிலும் சிம்பலோடு மெதுவாக எழுந்து நிற்பார். ஏதோ நடக்கப்போகிறது என்று கதாநாயகனுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். நண்பரே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: பதிவு செய்த இசையில் அந்த மனிதர் எழுந்து நிற்பதில்லை.

இன்னொன்று. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பழக்க தோஷத்தில் கிளம்பிவிடாதீர்கள். குழு அப்போதும் வாசித்துக்கொண்டுதான் இருக்கும். நடத்துநர் கையை இறக்கும்வரை உட்கார்ந்திருங்கள். அப்புறம் எழுந்து நின்று கை தட்டுங்கள்.