பசும்பாலும் தாவரப்பாலும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு சூழலியல் ஒப்பீடு

‘பால்’ என்னும் சொல் தமிழில் ஆவின் மடியோடு நின்றுவிடுவதன்று. தேங்காயில் பாலுண்டு, கள்ளியில் பாலுண்டு, கதிரில் நெல் பால் பிடிக்கிறது. மலேசியத் தமிழர் வழக்கிலோ கித்தா மரமே ‘பால் மரம்’ ஆயிற்று. ஆகவே, சோயாவிலிருந்தும் ஓட்ஸிலிருந்தும் பிழிந்ததைப் பாலென்று விற்கலாகாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஜூன் 14ஆம் நாள் தீர்ப்பளித்ததைத் தமிழாசிரியர்கள் சற்று வியப்புடன்தான் நோக்குவர். அவ்வொன்றிய விதிகளின் விலக்குப் பட்டியலில் தேங்காய்ப்பால் இடம்பெற்றிருப்பது நமக்கோர் ஆறுதல். பெயர் வழக்கை இவ்வளவில் நிறுத்தி, இவ்விரு பால்களும் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் விளைவிக்கும் சுமையை நாம் இங்கு ஒப்பிட முற்படுகிறோம்.

இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகிய இருவரும் 2018இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வாகும். 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளை அது தொகுத்தாய்ந்தது. அதன்வழிப் பெறப்பட்ட உலகச் சராசரியின்படி, ஒரு லிட்டர் பசும்பாலுக்கு ஏறக்குறைய 3.2 கிலோகிராம் கரியமிலவாயுவுக்கு நிகரான வெளியேற்றமும், 9 சதுர மீட்டர் நிலமும், 628 லிட்டர் நீரும் செலவாகின்றன. சோயாப்பாலுக்கு இவை முறையே 1 கிலோகிராம், 0.7 சதுர மீட்டர், 28 லிட்டர். ஓட்ஸ்பாலுக்கு 0.9 கிலோகிராம், 0.8 சதுர மீட்டர், 48 லிட்டர். பாதாம்பால் 0.7 கிலோகிராமே வெளியிடினும் 371 லிட்டர் நீரைக் குடித்துவிடுகிறது. பசு அசைபோடுகையில் அதன் இரைப்பையில் உருவாகும் மீத்தேன் வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமிலவாயுவைக் காட்டிலும் 27 மடங்குக்கு மேல் வெப்பம் கூட்டுவது. பசும்பாலின் கணக்கு உயர்வதற்கு அதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

எனினும், லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடுவது முறைதானா என்னும் வினா எழுகிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 33 கிராம் புரதம் உண்டு. சோயாப்பால் அதனை நெருங்கி வருகிறது. ஓட்ஸ்பாலில் 10 கிராம். கடைகளில் கிடைக்கும் பாதாம்பாலில் பெரும்பாலும் 5 கிராம் அளவே. புரதத்தை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டால் ஒரு கிராமுக்குப் பசும்பால் 19 லிட்டர் நீரும் பாதாம்பால் 74 லிட்டர் நீரும் வேண்டி நிற்கின்றன. வெளியேற்றத்திலும் பாதாம்பால் பசும்பாலை விஞ்சுகிறது. ஓட்ஸ்பால் அதனோடு ஒத்து நிற்கிறது. இரு அளவுகோல்களிலும் தெளிவாக வெல்வது சோயாப்பால் ஒன்றே. வளரும் குழந்தைக்கு எதைப் புகட்டுவது என்று எண்ணும் வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு இவ்வெண்களை அப்படியே பொருத்துவதில்தான் சிக்கல் மிகுகிறது. கித்தாத் தோட்டங்களில் காலையில் மரம் சீவி முடித்து, பிற்பகலில் புல்லறுத்து மாடு பேணிய தமிழ்க் குடும்பங்கள் பல. இந்தியாவிலிருந்து வந்த மாட்டினங்களின் வழித்தோன்றல்களான அப்பசுக்கள் குறைவாகவே கறந்தன. கறவை குறையக் குறைய லிட்டருக்கான மீத்தேன் கூடும் என்பது உண்மை. ஆயின், அவை மேய்ந்தது மரநிழலில் முளைத்த புல்லை. பாலுக்கென்று தனி நிலம் திருத்தப்படவில்லை. சாணம் காய்கறித் தோட்டத்திற்கு எருவாயிற்று. உலகச் சராசரி காட்டும் 9 சதுர மீட்டர் அங்குப் பொருளற்றது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டது. மனிதர்க்கே மாற்றிடம் தேடவேண்டியிருந்த நிலையில், மாட்டுக் கொட்டகைக்கு இடம் கேட்பார் யார்?

இன்று இந்நாட்டின் பால் தேவையில் பெரும்பகுதியைப் பால்மாவாகவும் பிற வடிவங்களிலும் நியூசிலாந்து முதலிய நாடுகளே நிறைவு செய்கின்றன. கப்பற் பயணத்தால் ஏற்படும் வெளியேற்றம் மொத்தத்தில் சிறு பங்குதான். கவனிக்கத்தக்கது வேறொன்று. நியூசிலாந்துப் பசுக்கள் முற்றிலும் புல்லையே தின்று வளர்வதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அந்நாடு அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டன் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வாங்கி மாடுகளுக்கு இட்டுவந்துள்ளது. மாடு மேய்ந்த கித்தாக் காட்டை அகற்றிச் செம்பனை நட்டோம். அச்செம்பனையின் புண்ணாக்கு கடல் கடந்து, பால்மாவாய்த் திரும்பி வருகிறது.

பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் ஆற்றித் தரப்படும் தே தாரிக்கில் இருப்பது எப்பால்? கெட்டிப்பால் என்று நாம் சொல்லிப் பழகிய டின்களுட் பலவற்றின் மேலுறையில் ‘கிரீமர்’ என்றே அச்சிடப்பட்டிருக்கக் காணலாம். பாற்கொழுப்பிற்கு மாற்றாகச் செம்பனை எண்ணெய் சேர்ந்த, இனிப்பூட்டிய கலவை அது. அந்த வகையில் பசும்பாலா தாவரப்பாலா என்னும் விவாதம் தொடங்குமுன்பே நம் தேநீர்க் குவளை பாதி தாவரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் சூழலுக்கு நன்மை விளைந்ததா என்பது, அவ்வெண்ணெய் பழைய தோட்ட நிலத்திலிருந்து வந்ததா, வடிக்கப்பட்ட கரிச்சதுப்பு நிலத்திலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தது. சதுப்பு நிலம் காயும்போது பன்னெடுங்காலம் அதில் உறைந்திருந்த கரிமம் காற்றில் கலக்கிறது. தாவரம் என்பதனாலேயே ஒன்று தூய்மையாகிவிடாது.

இறக்குமதிப் பெட்டிகளில் வரும் பாதாம்பாலுக்கும் ஓட்ஸ்பாலுக்கும் கூடுதல் விலை கொடுப்பதைக் காட்டிலும், சீனர்தம் கடைகளில் நெடுங்காலமாகக் கிடைக்கும் சோயாப்பாலே இங்குத் தக்க மாற்று என்பது நம் கருத்து. அதன் அவரையும் அயல்நாட்டிலிருந்து வருவதே. ஆயினும் கணக்கு அதன் பக்கமே நிற்கிறது. தேங்காய்ப்பாலில் புரதம் சொற்பம். குழம்பிற்கும் பாயசத்திற்கும் அது துணையாகுமே தவிரப் பசும்பாலின் இடத்தை நிரப்பாது. சிலாங்கூரில் எஞ்சியுள்ள சிறு மாட்டுப் பண்ணையாளரின் பாலை மதிப்பிடப் புகுவோர், லிட்டர்க் கணக்கோடு நில்லாது, மாடு எதைத் தின்கிறது, அத்தீனி எந்நிலத்தில் விளைந்தது, சாணம் ஆற்றில் சேர்கிறதா வயலில் சேர்கிறதா என்னும் மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.